யாரை யார் ஜெயிச்சாங்க? வீராங்கனைங்க வரிசை பத்தி வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல 2025ஓட சிறந்த தடகள வீராங்கனைங்கன்னு அஞ்சு பேரை வரிசை போட்டு எழுதியிருந்தேன். முதல் இடம் கென்யாவோட பீட்ரிஸ் செபெட், ரெண்டாவது அமெரிக்காவோட சிட்னி மெக்லாக்லின்-லெவ்ரோன், மூணாவது மெலிசா ஜெஃபர்சன்-வுடன், நாலாவது ஃபெய்த் கிப்யேகோன், அஞ்சாவது ஹெப்டத்லான், அதாவது ஏழு போட்டி சேந்த ஈவெண்ட்ல வர்ற ஆன்னா ஹால். அதுக்கப்பறம் வந்த லெட்டரும் வாட்ஸ்அப் மெசேஜும் பாத்தா குடியாத்தத்துலேர்ந்து வாலாஜா வரைக்கும் ஆளாளுக்கு ஒரு லிஸ்ட் வெச்சிருக்கீங்க. ரொம்ப சந்தோஷமா இருக்கு. பொண்ணுங்க ஓட்டத்துக்காக நம்ம பக்கத்து ஜனங்க இவ்ளோ பேர் சண்டைக்கு வர்றத நான் இத்தன வருஷத்துல பாத்ததே இல்ல. அதனால இந்தத் தடவ வேற கேள்வி எதுவும் எடுக்கல, எல்லாம் இதப் பத்தியேதான்.

கேள்வி: அக்கா, உலக தடகள சங்கமே 2025ஓட சிறந்த வீராங்கனைன்னு சிட்னிக்குத்தான் அவார்டு குடுத்துட்டாங்க. டோக்கியோல நடந்த உலக சாம்பியன்ஷிப்ல 400 மீட்டர் 47.78 செகண்டுல ஓடினாங்க, நாப்பது வருஷத்துல யாருமே ஓடாத டைம். அவங்கள எப்படி நீங்க ரெண்டாவதா போடலாம்? – கல்லூரி மாணவி, ஆம்பூர்

பதில்: கோவம் நியாயமானதும்மா. அந்த ஃபைனல நான் மூணு தடவ திருப்பிப் போட்டுப் பாத்தேன். செப்டம்பர் 18, டிராக் ஈரமா இருந்துச்சு, சிட்னி 47.78, பின்னாடியே டொமினிக்கன் ரிபப்ளிக்கோட மாரிலெய்டி பாலினோ 47.98, ஒரே ரேஸ்ல ரெண்டு பேர் 48 செகண்டுக்குள்ள. இத விட வேகமான டைம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, 1985ல கிழக்கு ஜெர்மனியோட மாரிட்டா கோச் கான்பெராவுல ஓடின 47.60. அந்தக் காலத்து கிழக்கு ஜெர்மனில அரசாங்கமே வீராங்கனைங்களுக்கு ஊக்கமருந்து குடுத்த கதை பின்னால ஆவணங்களோட வெளிய வந்துச்சு. மாரிட்டா கோச் எந்த டெஸ்ட்லயும் மாட்டினது இல்ல, அதையும் சொல்லிடணும். ஆனா அந்த 47.60 பக்கத்துல போக நாப்பது வருஷம் ஆச்சுன்றது உண்மை. அந்த ஒரு ரேஸ்தான் இந்த வருஷத்தோட பெஸ்ட் ரேஸா அக்கான்னு கேட்டா ஆமான்னு கண்ண மூடிக்கிட்டு சொல்வேன்.

ஆனா நான் போட்டது வருஷத்தோட வரிசை, ஒரு ராத்திரியோட வரிசை இல்ல. சிட்னி 400 ஃபிளாட்ல, அதாவது தடை இல்லாத 400ல, இந்த வருஷம் ஓடினது ரொம்ப கம்மி. தன்னோட சொந்த ஈவெண்டான 400 ஹர்டில்ஸ, அதாவது தடை தாண்டி ஓடற 400ஐ, டோக்கியோல விட்டுட்டாங்க, அங்க ஃபெம்கே போல் 51.54ல தங்கம் எடுத்துட்டுப் போனாங்க. செபெட்ட பாரு. மே மாசம் ரபாத்துல 3000 மீட்டர் 8:11.56, ஜூன்ல ரோம்ல 5000 மீட்டர் 14:03.69, ஜூலை 5 யூஜீன்ல 13:58.06, அதாவது உலகத்துலயே 14 நிமிஷத்துக்குள்ள 5000 ஓடின முதல் பொண்ணு, அப்பறம் செப்டம்பர்ல டோக்கியோல 10000 தங்கம், 5000 தங்கம். மே மாசத்துலேர்ந்து செப்டம்பர் வரைக்கும் திரும்பத் திரும்ப கோட்டுல வந்து நின்னு யார் வேணா வாங்கன்னு ஓடியிருக்காங்க. சங்கத்தோட அவார்டு ஓட்டு போட்டு எடுக்கற அவார்டு, அதுல ரசிகர்ங்க ஓட்டும் சேத்தி. மனசுக்குள்ள நின்ன ரேஸுக்கு ஓட்டு விழும், அது தப்பும் இல்ல. நான் பாக்கறது எத்தன தடவ, யார் முன்னாடி, என்ன பந்தயத்துலன்னு. நீ சிட்னிய முதல்ல வெச்சா உன் லிஸ்ட்ட நான் கிழிச்சுப் போட மாட்டேன், ஆனா என் லிஸ்ட்ட மாத்தவும் மாட்டேன்.

கேள்வி: இன்னாத்துக்கு இவ்ளோ பேச்சு மேடம்? நம்ம ஊரு காளை விடற திருவிழால பண்ற மாதிரி டைம் எடுங்க, கம்மி செகண்டு யாரோ அவங்க ஃபர்ஸ்ட். முடிஞ்சுது. – ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: அண்ணா, நீங்க சொன்ன உதாரணத்துலயே பதில் இருக்கு. வெளியூர் வாசகருங்களுக்காக சொல்றேன், வடாற்காட்டுல பொங்கல் டைம்ல நடக்கற எருது விடும் விழால காளைய அடக்கறது இல்ல. தெரு ரெண்டு பக்கமும் தடுப்பு கட்டி, வாடிலேர்ந்து ஒவ்வொரு காளையா விடுவாங்க, குறிப்பிட்ட தூரத்த எது கம்மி செகண்டுல தாண்டுதோ அதுக்கு முதல் பரிசு. அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம்லாம் வீட்டு மாடில உக்காந்து சின்ன வயசுலேர்ந்து பாத்தது. அது சரியான முறைதான், ஏன்னா ஒரே தெரு, ஒரே நாள், பக்கத்துல வேற காளை இல்ல. பக்கத்துல யார் வர்றாங்கன்னு பாத்து வேகத்த ஏத்தி இறக்கற யோசனை காளைக்கு இல்ல.

மனுஷங்க ஓட்டம் அப்படி இல்லண்ணா. இப்போ செபெட்டோட டைம்லயே பாருங்க, யூஜீன்ல 13:58.06. அதே ஆளு டோக்கியோல தங்கம் எடுத்தப்போ 14:54.36. கிட்டத்தட்ட 56 செகண்டு லேட்டு! டைம் மட்டும் பாக்கறவங்க டோக்கியோ ரேஸ்ல செபெட் சொதப்பிட்டாங்கன்னு எழுதிடுவாங்க. யூஜீன்ல முன்னாடி பேஸ்மேக்கர், அதாவது மத்தவங்களுக்கு வேகம் புடிச்சுக் குடுக்கறவங்க, ஓடினாங்க. டோக்கியோல பேஸ்மேக்கர் யாரும் இல்ல, புழுக்கம், யாருமே முன்னாடி போக மாட்டேங்கறாங்க, கடைசி ரெண்டு மூணு ரவுண்டுதான் நெஜமான ரேஸ். கடைசில செபெட்டுக்குப் பின்னாடி 14:55.07ல வந்தது யாருன்னா ஃபெய்த் கிப்யேகோன், 1500ல உலக சாதனை வெச்சிருக்கறவங்க, கடைசி சுத்துல அவங்கள ஓடி ஜெயிக்கறது எவ்ளோ பெரிய விஷயம். அந்த 14:54 என் கணக்குல 13:58க்கு சமமா நிக்குது.

இது எனக்கு புஸ்தகத்துல படிச்ச விஷயம் இல்லண்ணா. நான் பிளஸ் ஒன் படிக்கறப்போ ஒரு போட்டில 800 மீட்டர். பொண்ணுங்க பேர் நிறைய சேந்துட்டதால ரெண்டு ஹீட்ஸா, அதாவது ரெண்டு குழுவா பிரிச்சு விட்டாங்க, ஃபைனல் வைக்க நேரமில்ல, டைம் வெச்சே மெடல்னு சொல்லிட்டாங்க. எங்க ஹீட்ஸ் பகல் பன்னெண்டரைக்கு. மே மாசம் இல்லன்னாலும் வேலூர் வெயில் வேலூர் வெயில்தான, மண்ணு டிராக்கு, சுண்ணாம்புக் கோடு பாதி அழிஞ்சு போயிருந்துச்சு, ரெண்டாவது ரவுண்டுல தொண்ட காஞ்சு எச்சி கூட முழுங்க முடியல. அந்த ஹீட்ஸ்ல நான்தான் முதல். இன்னொரு ஹீட்ஸ் சாயந்திரம் அஞ்சரைக்கு, வெயில் இறங்கி காத்து வர ஆரம்பிச்சப்பறம். அதுல மூணாவதா வந்த பொண்ணு கூட என்ன விட ரெண்டு செகண்டு கம்மி. எனக்கு நாலாவது இடம். அந்த மூணாவது வந்த பொண்ண நான் அந்த வருஷத்துலயே ரெண்டு தடவ நேருக்கு நேர் ஜெயிச்சிருந்தேன். பேப்பர்ல இருந்த வரிசைக்கும் ஓடின கால்களுக்கும் சம்பந்தம் இல்லன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அதுலேர்ந்து யாராவது லிஸ்ட் காட்டினா நான் கேக்கற முதல் கேள்வி, இவங்க ரெண்டு பேரும் ஒரே கோட்டுல நின்னு ஓடியிருக்காங்களா, அப்போ யார் ஜெயிச்சாங்க.

கேள்வி: ஹைஜம்ப் ஆடறவங்களையும் 100 மீட்டர் ஓடறவங்களையும் எப்படி ஒரே லிஸ்ட்ல வைக்கறீங்க? அதுக்கு ஏதாவது கணக்கு இருக்கா? – ராணிப்பேட்டை

பதில்: கணக்கு இருக்கு. உலக தடகள சங்கத்துக்கிட்ட ஒரு பாயிண்ட் டேபிள் இருக்கு, எந்த ஈவெண்ட்ல என்ன டைம், என்ன உயரம், என்ன தூரம்னாலும் அதுக்கு இவ்ளோ பாயிண்ட்னு போட்டிருக்கும். அதோட எந்தப் போட்டில எத்தனாவதா வந்தீங்கன்றதுக்கு தனி பாயிண்ட் சேத்து, பெரும்பாலான ஈவெண்ட்டுக்கு நல்ல அஞ்சு ரிசல்ட்டோட சராசரி எடுத்து உலக ரேங்கிங் போடறாங்க. பெரிய போட்டிக்கு யாரெல்லாம் தகுதின்னு பாக்க அது உதவும். ஆனா வருஷத்தோட சிறந்தவங்க யாருன்னு முடிவு பண்ண அது மட்டும் பத்தாது.

அமெரிக்காவுல ட்ராக் அண்ட் ஃபீல்ட் நியூஸ்னு ஒரு பத்திரிகை பல பத்து வருஷமா வருஷாவருஷம் வரிசை போடுது, அவங்க பாக்கறது மூணு. பெரிய போட்டில என்ன ஜெயிச்சீங்க, நேருக்கு நேர் யாரை யார் ஜெயிச்சாங்க, அப்பறம் அந்த வருஷம் முழுக்க வந்த டைம் இல்லன்னா தூரம், ஒண்ணு ரெண்டு இல்ல, வரிசையா எல்லாமே. டைம் மூணாவதாத்தான் வருதுன்றத கவனிங்க. நான் புடிச்சிருக்கறதும் இதேதான்.

ஹைஜம்ப்னு கேட்டதால ஒண்ணு சொல்றேன். 2024 ஜூலைல உக்ரைனோட யாரோஸ்லாவா மஹுசிக் பாரிஸ்ல 2.10 மீட்டர் தாண்டி, பல்கேரியாவோட ஸ்டெஃப்கா கோஸ்டாடினோவா 1987ல வெச்ச 2.09ஐ முறியடிச்சாங்க. 37 வருஷத்து சாதனை. நம்ம வீட்டு நிலைப்படிய நிமிந்து பாருங்க, அதோட உயரம் வருமான்னு. அடுத்த மாசம் ஒலிம்பிக் தங்கமும் அவங்களுக்கே, 2024ல அவங்க பேருக்கு ரெண்டாவது கேள்வியே இல்ல. 2025ல அதே மஹுசிக் டோக்கியோல 1.97ல நின்னு வெண்கலம். தங்கம் ஆஸ்திரேலியாவோட நிக்கோலா ஒலிஸ்லாகர்ஸுக்கு, 2.00. உலக இண்டோர் தங்கம், வருஷம் முழுக்க ஊர் ஊரா நடக்கற டைமண்ட் லீக் தொடரோட ஃபைனல்ல 2.04, எல்லாம் நிக்கோலாதான். உலக சாதனை மஹுசிக்கிட்டதான் இன்னும் இருக்கு, ஆனா 2025ஓட முதல் இடம் நிக்கோலாவுக்கு. போன வருஷத்து மார்க்குக்கு இந்த வருஷம் ரேங்க் குடுக்க முடியாது.

கேள்வி: ஒரே மீட்ல 100, 200, 4x100 மூணுலயும் தங்கம் வாங்கின மெலிசாவ மூணாவது இடத்துல வெச்சிருக்கீங்களே, மனசு வருதா? – சத்துவாச்சாரி

பதில்: வரல. டோக்கியோல 100ல 10.61, 200ல 21.68, ரிலே தங்கம், 2013ல மாஸ்கோல ஷெல்லி-ஆன் ஃப்ரேசர்-பிரைஸ் செஞ்சது மாதிரியே. ரெண்டு நாள் யோசிச்சேன், வேற எந்த வருஷமா இருந்தாலும் முதல் இடம் அவங்களுக்குத்தான். இந்த வருஷம் மேல ரெண்டு பேர் அப்படி ஓடிட்டாங்க.

கேள்வி: 2024 லிஸ்ட்ல நீங்க மாரத்தான் ரூத் செப்ங்கெடிச்ச பாராட்டி எழுதினீங்க. அவங்க இப்போ ஊக்கமருந்து கேஸ்ல தடை ஆயிட்டாங்க. அத பத்தி ஒரு வார்த்த கூட எழுதலயே? – திருப்பத்தூர்

பதில்: எழுதியிருக்கணும், நீங்க கேட்டது சரி. 2024 அக்டோபர்ல சிகாகோல 2 மணி 9 நிமிஷம் 56 செகண்டு, ரெண்டு மணி பத்து நிமிஷத்துக்குள்ள மாரத்தான் ஓடின முதல் பொண்ணுன்னு நானும் துள்ளிக் குதிச்சு எழுதினேன். 2025 மார்ச்ல எடுத்த சாம்பிள்ல ஹைட்ரோகுளோரோதியசைடுன்ற தடை செஞ்ச மருந்து இருந்துச்சு, மூணு வருஷம் தடை. அந்த சாம்பிள் எடுத்த தேதிக்கு அப்பறம் வந்த ரிசல்ட்டுங்கதான் ரத்து, சிகாகோ டைம் ரெக்கார்டு புஸ்தகத்துல அப்படியே இருக்கு. புஸ்தகத்துல இருக்கறத நான் அழிக்க முடியாது. ஆனா என் லிஸ்ட் என்னோடது, 2024 வரிசைல அவங்க பேர எடுத்துட்டேன்.

மாரத்தான்ல டைம நம்பி வரிசை போடறதுல இன்னொரு சிக்கலும் இருக்கு. சிகாகோ மாதிரி போட்டில ஆம்பளைங்களும் சேந்து ஓடுவாங்க, பேஸ்மேக்கரா முன்னாடி காத்த மறைச்சுக்கிட்டுப் போவாங்க. லண்டன்ல பொண்ணுங்க மட்டும் தனியா கிளம்பறாங்க, அதனால பொண்ணுங்க மட்டும் ஓடற ரேஸுக்குன்னு தனி உலக சாதனையே இருக்கு, 2025 ஏப்ரல்ல எத்தியோப்பியாவோட டிக்ஸ்ட் அஸெஃபா 2:15:50 ஓடினாங்க. செப்டம்பர்ல டோக்கியோல அதே அஸெஃபா ஸ்டேடியத்துக்குள்ள கடைசி நேர் ரோடு வரைக்கும் முன்னாடி இருந்து, கென்யாவோட பெரெஸ் ஜெப்சிர்சிர்கிட்ட ரெண்டே செகண்டுல தோத்தாங்க. 2:24:43, 2:24:45. நாப்பத்திரெண்டு கிலோமீட்டர் ஓடி ரெண்டு செகண்டு! லண்டன்ல சாதனை ஒருத்தருக்கு, டோக்கியோல ஜெயம் இன்னொருத்தருக்கு. நான் ஜெப்சிர்சிரத்தான் மேல வைப்பேன், அஸெஃபா ரசிகருங்க சண்டைக்கு வரலாம்.

கேள்வி: வெளிநாட்டு லிஸ்ட் சரி. நம்ம இந்தியப் பொண்ணுங்கள வரிசைப்படுத்தினா 2025ல யாரு முதல்ல? தமிழ்நாட்டுலேர்ந்து யாராவது வருவாங்களா? – காட்பாடி

பதில்: ஜோதி யாராஜி ஒருத்தங்க, பாருல் சௌத்ரி ஒருத்தங்க, ரெண்டு பேருக்கும் நடுவுலதான் போட்டி. தென்கொரியா குமில மே மாசம் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்ல ஜோதி 100 மீட்டர் ஹர்டில்ஸ்ல 12.96, மழ பேஞ்சு முடிஞ்ச ராத்திரி, தங்கம், 2023ல பாங்காக்ல எடுத்த தங்கத்த காப்பாத்திக்கிட்டாங்க. அதுக்கப்பறம் முட்டில அடிபட்டு டோக்கியோ போக முடியல. பாருல் அதே குமில 3000 ஸ்டீபிள்சேஸ்ல, அதாவது தடையும் தண்ணிக் குழியும் தாண்டி ஓடற ரேஸ்ல, 9:12.46, தேசிய சாதனை, ஆனா வெள்ளி, 5000லயும் வெள்ளி. அதுல முறியடிச்ச பழைய தேசிய சாதனையும் அதுக்கு சில வாரம் முன்னாடிதான் தோஹால அவங்களே 9:13.39ன்னு வெச்சது. ஒருத்தங்களுக்கு பெரிய தங்கம், இன்னொருத்தங்களுக்கு தொடர்ச்சியா நல்ல டைம். பெரிய போட்டி, நேருக்கு நேர், அப்பறம் டைம்னு மேல சொன்னேன் இல்லையா, அதே வரிசைய இங்கயும் புடிச்சா ஜோதி முதல், பாருல் ரெண்டாவது. ஆள பாத்து விதிய மாத்தினா லிஸ்ட்டுக்கு அர்த்தமே இல்ல.

தமிழ்நாட்டுக்கு வந்தா திருச்சிப் பொண்ணு சுபா வெங்கடேசன். குமில பொண்ணுங்க 4x400 ரிலேலயும் கலப்பு ரிலேலயும் தங்கம், ரெண்டுலயும் சுபா ஓடினாங்க. ரிலே ஓடறவங்கள தனியாள் வரிசைல எப்பவும் கீழ தள்ளிடறாங்க, எனக்கு அதுல வருத்தம் உண்டு. பேட்டன கைல வாங்கறப்போ முன்னாடி பத்து மீட்டர்ல ஒருத்தி போறான்னு தெரிஞ்சு ஓடற 400, தனியா ஓடற 400 விட கஷ்டம்.

கோயம்புத்தூரு வித்யா ராம்ராஜ் பேரையும் இங்க சொல்லணும். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்ல பி.டி. உஷா 400 ஹர்டில்ஸ்ல 55.42, வெண்கலம் வாங்கின ருமேனியாப் பொண்ணு 55.41. செகண்டுல நூத்துல ஒரு பங்கு. அந்த 55.42ஐ 39 வருஷமா இந்தியாவுல யாரும் தொடல, 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டு ஹீட்ஸ்ல வித்யா அதே 55.42 ஓடினாங்க, ஒரு புள்ளி கூட மாறாம. டைம் ஒண்ணுதான். ஆனா உஷா அத ஓடினது ஒலிம்பிக் ஃபைனல்ல, வித்யா ஓடினது ஹீட்ஸ்ல, ஃபைனல்ல 55.68 ஓடி வெண்கலம் வாங்கினாங்க. வித்யா மேல எனக்கு அவ்ளோ மரியாதை உண்டு, இருந்தாலும் ரெண்டு 55.42ஐயும் ஒரே தட்டுல வைக்க என்னால முடியாது.

கேள்வி: வணக்கம் மேடம். நான் ஒரு பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சர். ஜனவரி கடைசில எங்க பொண்ணுங்கள்ல வருஷத்தோட சிறந்த ஓட்டக்காரி யாருன்னு போர்டுல வரிசை எழுதணும்னு ஆச. எலக்ட்ரானிக் டைமிங்லாம் எங்ககிட்ட இல்ல, ஸ்டாப்வாட்ச்தான். எப்படி போடறது? – வாலாஜாபேட்டை

பதில்: சார், இந்த மாசம் வந்ததுல எனக்கு ரொம்ப புடிச்ச கேள்வி இதுதான். கட்டாயம் போடுங்க.

ஒரு நீள நோட்டு வாங்குங்க, ஒவ்வொரு பொண்ணுக்கும் ஒரு பக்கம். ஓடற ஒவ்வொரு ரேஸுக்கும் தேதி, எந்த மைதானம், மண்ணா சிந்தடிக்கா, காலைலயா மத்தியானமா, எத்தனாவது, யார் முன்னாடி வந்தாங்க, யார் பின்னாடி வந்தாங்க, கடைசியா டைம். பேர எழுதறதுதான் முக்கியம் சார், ரெண்டாவது இடம்னு மட்டும் எழுதாம யார்கிட்ட தோத்து ரெண்டாவதுன்னு எழுதுங்க. வருஷக் கடைசில பக்கத்த புரட்டினா யாரை யார் எத்தன தடவ ஜெயிச்சாங்கன்னு தானா தெரிஞ்சுடும்.

ஸ்டாப்வாட்ச்ல ஃபினிஷ் லைன்ல நிக்கறவங்க விசில் சத்தத்துக்கு அழுத்தினா தப்பு. 100 மீட்டர் தள்ளி சத்தம் வந்து சேரவே கிட்டத்தட்ட 0.3 செகண்டு ஆகுது, அந்தப் பொண்ணுக்கு நீங்க சும்மா டைம குறைச்சுக் குடுக்கறீங்க. மரக் கிளாப்பர் வெச்சு அடிக்கச் சொல்லி, ரெண்டு கட்டையும் சேர்றத கண்ணால பாத்து அழுத்துங்க. கிளாப்பர் இல்லன்னா வெள்ளத் துணிய மேலேர்ந்து கீழ இறக்கச் சொல்லுங்க. முதல் இடத்துக்கு மூணு பேர் டைம் எடுக்கட்டும், ரெண்டு வாட்ச் ஒண்ணா காட்டினா அதுதான் டைம், மூணும் வேற வேறன்னா நடுவுல இருக்கறத எடுத்துக்கோங்க. 100, 200 மீட்டர்ல கையால எடுத்த டைம எலக்ட்ரானிக் டைமோட ஒப்பிடணும்னா 0.24 செகண்டு கூட்டிக்கணும். மாநிலப் போட்டிக்குப் போன பொண்ணு அங்க எலக்ட்ரானிக் டைமிங்ல 12.90 ஓடினா, இங்க கைல எடுத்த 12.7 விட அதுதான் நல்ல ஓட்டம், இத பொண்ணுங்களுக்கும் எடுத்துச் சொல்லுங்க, இல்லன்னா அங்க போய் ஸ்லோ ஆயிட்டோம்னு அழுதுக்கிட்டு வருவாங்க.

டைம் வெச்சு மட்டும் மெடல் குடுக்கற நெலம வந்தா, ரெண்டு ஹீட்ஸையும் பத்து நிமிஷ இடைவெளில அடுத்தடுத்து விடுங்க சார். ஒண்ணு மத்தியானம், ஒண்ணு சாயந்திரம் வேண்டாம்.

போர்டுல எழுதறப்போ பேருக்குப் பக்கத்துல டைம மட்டும் எழுதாதீங்க. எந்தப் போட்டில என்ன எடம், அந்த வருஷம் யார ஜெயிச்சான்றதையும் எழுதுங்க. எழுதி முடிச்சதும் ஒரு ஃபோட்டோ அனுப்புங்க, அடுத்த இதழ்ல போடறேன்.